வட்டி இல்லைங்க, அது ஜாமீன்!

"ஸ்டேக்கிங்ல போடு மச்சி, பிக்சட் டெபாசிட் மாதிரிதான்" என்று வகுப்பில் தினமும் ஒரு உபதேசம். பி.காம். படிக்கிற நாமே இப்படிப் பேசினால், டெபாசிட்டுக்கும் ஜாமீனுக்கும் உள்ள வித்தியாசத்தை வேறு யார் சொல்வது?

எத்தீரியத்தையே எடுத்துக்கொள்வோம். வேலிடேட்டர் ஆவதற்குக் குறைந்தது 32 ஈதர் கட்ட வேண்டும். கட்டியதும் வேலை கிடைக்காது, முதலில் உள்ளே போகிற வரிசை. முறை வந்ததும் 6.4 நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டுப் போட வேண்டும். இந்த 6.4 நிமிடத்துக்கு ஈபாக் என்று பெயர். எப்போதாவது பிளாக் முன்மொழியும் வாய்ப்பும் வரும். இதற்குத் தருவது கூலி, வட்டி அல்ல. கணினி அணைந்து கிடந்தால் அபராதம். முரண்பட்ட இரண்டு ஓட்டுப் போட்டால் ஸ்லாஷிங்: ஒரு பகுதி பறிமுதல், கட்டாய வெளியேற்றம், மிச்சத்தைத் தொடக் குறைந்தது 36 நாள். பலர் சேர்ந்து மாட்டினால் வெட்டு இன்னும் பெரிது.

நல்ல பிள்ளையாக விலகினாலும் வரிசைதான். 2025 மே மாதம் வந்த பெக்ட்ரா விதிப்படி ஒரு ஈபாக்கில் 256 ஈதர்தான் வெளியேறலாம். கணக்குப் போடுங்கள்: நாளைக்கு 225 ஈபாக், அதாவது 57,600 ஈதர். உங்களுக்கு முன்னால் 20 லட்சம் ஈதர் நின்றால் 35 நாள்! 2025 செப்டம்பரில் இந்த வரிசை 40 நாளைத் தாண்டியது. வரிசை முடிந்த பிறகும் 27 மணி நேரம் பொறுக்க வேண்டும்.

"லிக்விட் ஸ்டேக்கிங் டோக்கனை எப்போது வேண்டுமானாலும் விற்கலாமே?" விற்கலாம், வாங்குகிறவன் சொல்கிற விலைக்கு. 2022 ஜூனில் லிடோவின் ஸ்டீத், ஈதர் விலையைவிட 5 சதவீதத்துக்கும் மேல் கீழே போனது.

வரிசை வைத்தது தப்பில்லை. தில்லுமுல்லு செய்தவன் பணத்தோடு உடனே ஓடக்கூடாது என்றுதான் அது. தப்பு, சதவீதத்தைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு இதையெல்லாம் மறைத்து விற்கிறவர்கள் மீது. 2020 டிசம்பரில் ஈதரைக் கட்டியவர்களுக்கு 2023 ஏப்ரல் வரை எடுக்கிற வழியே திறக்கவில்லை. எந்த பிக்சட் டெபாசிட்டில் இப்படி நடக்கும்?

சதவீதத்துக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், இன்றைய வெளியேறும் வரிசை எத்தனை நாள் என்று போடட்டும். அதுவரை செமஸ்டர் பீஸ் பணத்தை அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள் மக்களே. கட்டணக் கடைசித் தேதி எந்த வரிசைக்கும் காத்திருக்காது.