6 பாயின்ட் அடிக்கிறவருக்கு இத்தனை கோடியா? என்.பி.ஏ ரசிகர்களின் தீராத சண்டை!

கூடைப்பந்து ரசிகர்கள் ஸ்டார் பிளேயரின் சம்பளத்துக்காக அதிகம் சண்டை போடுவதில்லை. லெப்ரான் ஜேம்ஸுக்கு எத்தனை கோடி டாலர் கொடுத்தாலும், 'சரிதான்' என்று நகர்ந்துவிடுவார்கள். நிஜமான ரகளை, பெஞ்சிலிருந்து எழுந்து வந்து 20 நிமிஷம் ஆடிவிட்டுப் போகிற ஒருவரோடு டீம் மறுபடியும் ஒப்பந்தம் போடும்போதுதான் ஆரம்பிக்கும். "இவருக்கா இவ்வளவு?" என்று ஒரு கோஷ்டி. "இவர் இல்லாம ஒரு சீசன் ஆடிப் பாருங்க, அப்போ தெரியும்" என்று எதிர்க்கோஷ்டி.

இப்படிப்பட்ட ஆட்டக்காரர்களை 'ரோல் பிளேயர்' என்பார்கள். சினிமா பாஷையில் சொன்னால், ஹீரோ இல்லை, குணச்சித்திர நடிகர். ஒருவர் எதிரணி ஸ்டாரை மடக்குவார், இன்னொருவர் தூரத்திலிருந்து மூன்று பாயின்ட் ஷாட் மட்டும் போடுவார். போஸ்டரில் முகம் இருக்காது. ஆனால், இவர்களைத் தக்கவைப்பதா, அனுப்புவதா என்ற முடிவில் ஒரு டீமின் பல வருடத் தலையெழுத்தே மாறிப்போகும். அதற்கு 2021 கோடைக்காலத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஒரே ஃபைனல்... எதிரெதிரே ரெண்டு பேர்!

கொரோனா காலம் நினைவிருக்கிறதா? 2020-ல் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில், டிஸ்னி வேர்ல்டு வளாகத்துக்குள் வீரர்களை அடைத்துவைத்து என்.பி.ஏ சீசனை முடித்தார்கள். ஃபைனலில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸும் மயாமி ஹீட்டும் மோதின.

ஹீட் பக்கம் டங்கன் ராபின்சன். ஐந்தாவது மேட்ச்சில் ஏழு மூன்று பாயின்ட் ஷாட்களோடு 26 பாயின்ட் அடித்து, டீமைத் தோல்வியிலிருந்து காப்பாற்றியவர். லேக்கர்ஸ் பக்கம் அலெக்ஸ் கரூசோ. வழுக்கைத் தலையும் ஹெட்பேண்டுமாக, மீம்களின் செல்லப்பிள்ளை. ஆறாவது மேட்ச்சில் உயரமான ட்வைட் ஹோவர்டை உட்காரவைத்துவிட்டு, கரூசோவை ஆரம்பத்திலிருந்தே இறக்கினார் கோச் ஃப்ராங்க் வோகல். ஹாஃப் டைமில் ஸ்கோர் 64-36. கப் லேக்கர்ஸுக்கு.

ரெண்டு பேருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. என்.பி.ஏ டீம்கள் வருடா வருடம் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்'டில் இவர்களை ஒரு டீம்கூட எடுக்கவில்லை. ராபின்சன், ஸ்காலர்ஷிப்பே இல்லாத மூன்றாம் நிலை கல்லூரிக் கூடைப்பந்தில் ஆரம்பித்தவர். கரூசோவை 2016-ல் ஓக்லஹோமா சிட்டி தண்டர் சேர்த்துக்கொண்டு, சீசன் ஆரம்பிக்கும் முன்பே கழற்றிவிட்டது. இப்படி வந்தவர்களுக்குப் பெரிய ஒப்பந்தம் என்பது வாழ்க்கையில் ஒருமுறை கிடைத்தாலே அதிசயம்.

2021 ஆகஸ்ட்டில் அந்த ஒருமுறை ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வந்தது. ஹீட், ராபின்சனோடு ஐந்து வருடங்களுக்கு 9 கோடி டாலருக்கு மறு ஒப்பந்தம் போட்டது. டிராஃப்ட் ஆகாத ஒரு வீரருக்கு அதுவரை யாரும் கொடுக்காத தொகை. லேக்கர்ஸோ, கரூசோவை விட்டுவிட்டது. அவர் நான்கு வருடங்களுக்கு சுமார் 3.7 கோடி டாலருக்கு சிகாகோ புல்ஸுக்குப் போனார்.

"போனா போகட்டும்" கணக்கு

அப்போது ரசிகர்கள் பேசிய வாதங்களைக் கவனித்தால் சுவாரஸ்யமாக இருக்கும். "கரூசோ சராசரியா அடிக்கிறதே 6.4 பாயின்ட். அதுக்கு வருஷத்துக்கு 92 லட்சம் டாலரா? அந்தக் காசுல வேற ஆளை எடுக்கலாமே!" கேட்கும்போது ரொம்ப நியாயமாகத் தெரியும். ஐ.பி.எல் பார்த்துப் பழகிய நமக்கும் அப்படித்தான் தோன்றும். அங்கே ஒருவரை விட்டால் அந்தப் பணம் பர்ஸுக்குத் திரும்பிவிடும். ஏலத்தில் வேறு ஒருவரை வாங்கலாம்.

என்.பி.ஏ-வில் அப்படி இல்லை. அங்கேயும் சம்பள வரம்பு உண்டு; 2021-22 சீசனில் அது 11.24 கோடி டாலர். ஆனால், அதைத் தாண்டலாம். எப்படி? ஏற்கெனவே உங்கள் டீமில் ஆடிக்கொண்டிருக்கும் வீரரோடு மறு ஒப்பந்தம் போட, வரம்பை மீற அனுமதி உண்டு. பாஸ்டன் ஜாம்பவான் லேரி பேர்டின் பெயரால் இதை 'பேர்டு ரைட்ஸ்' என்பார்கள். வெளியிலிருந்து புதியவரைக் கூட்டிவர அந்தச் சலுகை கிடையாது.

மேட்டர் புரிகிறதா? வரம்பைத் தாண்டி நிற்கிற ஒரு டீம் கரூசோவை விட்டால், 92 லட்சம் டாலர் அதன் கைக்குத் திரும்பாது. அந்த வாய்ப்பு அப்படியே காணாமல் போய்விடும். "அந்தக் காசுல வேற ஆள்" என்பதே கிடையாது. பெரும்பாலும் குறைந்தபட்ச சம்பளத்துக்கு வர யார் தயாரோ, அவர்கள்தான் கிடைப்பார்கள்.

அப்படியென்றால் லேக்கர்ஸ் ஏன் விட்டது? காரணம், சொகுசு வரி. அந்த சீசனில் சம்பளக் கணக்கு 13.66 கோடி டாலரைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு டாலருக்கும் டீம் ஓனர் லீகுக்கு அபராதம் மாதிரி ஒரு வரி கட்ட வேண்டும். முதல் 50 லட்சத்துக்கு டாலருக்கு ஒன்றரை டாலர். மேலே போகப் போக அது இரண்டரை, மூன்றேகால் என ஏறும். அதாவது, ஏற்கெனவே எக்கச்சக்கமாகச் செலவு செய்கிற டீமுக்கு 92 லட்சம் டாலர் பிளேயரின் நிஜ விலை, அதைப்போல நான்கு மடங்குகூட ஆகலாம்.

ஆக, அது ஓனரின் பாக்கெட் பிரச்னை. டீமின் ஆட்டப் பிரச்னை இல்லை. ரசிகர்கள் பலர் இந்த ரெண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஓனரின் வரிக் கணக்கை நாம் ஏன் நம் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு வாதாட வேண்டும்?

லேக்கர்ஸுக்கு என்ன ஆச்சு?

அதே கோடையில் லேக்கர்ஸ், 20 வயது டேலன் ஹார்ட்டன் டக்கரோடு மூன்று வருடங்களுக்குச் சுமார் 3 கோடி டாலருக்கு மறு ஒப்பந்தம் போட்டது. வருடக் கணக்கில் பார்த்தால், கரூசோவுக்கு சிகாகோ கொடுத்ததைவிடக் கொஞ்சம் அதிகமே! காரணம் எளிது. டக்கர் சராசரியாக 9 பாயின்ட் அடித்திருந்தார், வயது குறைவு, 'நாளைக்குப் பெரிய ஆளா வருவார்' என்ற நம்பிக்கை. கூடவே கைல் கூஸ்மா, கென்டேவியஸ் கால்டுவெல் போப் உள்ளிட்டோரைக் கொடுத்து, அந்த சீசனுக்கு மட்டும் 4.4 கோடி டாலர் சம்பளமுள்ள ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கைக் கொண்டுவந்தார்கள்.

பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் மிரட்டலாகத்தான் இருந்தது. ஆனால், எதிரணி ஸ்டாரைத் துரத்திப் பிடிக்க ஆளில்லை. 33 வெற்றி, 49 தோல்வி. பிளே-ஆஃப் வாசலைக்கூட மிதிக்கவில்லை. அடுத்த வருடமே டக்கரை யூட்டா ஜாஸுக்கு அனுப்பிவிட்டு, டிஃபன்ஸுக்குப் பெயர்போன பேட்ரிக் பெவர்லியை வாங்கினார்கள். கையிலிருந்ததை விட்டுவிட்டு அதே சரக்கைத் தேடி அலைந்த கதை.

இது ஆபீஸ் போகிற நமக்கும் புதுசில்லையே! நாலு வருஷமா எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்கிற ஆளுக்கு ஹைக் கேட்டால், "பட்ஜெட் இல்ல" என்பார்கள். அவர் பேப்பர் போட்ட அடுத்த மாசம், அதைவிட அதிக சம்பளத்தில் புது ஆள் வந்து, அவரிடம் கேட்டுத்தான் வேலையைக் கற்றுக்கொள்வார்.

கரூசோவோ சிகாகோவில் 2023-ல் லீகின் முதல் டிஃபன்ஸ் அணியில் இடம்பிடித்தார். 2024-ல் இரண்டாவது அணியில். பாயின்ட் கணக்கு அப்போதும் ஸ்டார் பிளேயர் அளவுக்குப் போகவில்லை. அவர் செய்கிற வேலைதான் ஸ்கோர்போர்டில் தெரியாத வேலையாச்சே!

ராபின்சன்... திட்டு வாங்கிய 9 கோடி

அப்போ, 'சொந்த ஆளை எப்பவுமே தக்கவைக்கணும்' என்பதுதான் பாடமா? அவசரப்படாதீங்க. மயாமி பக்கம் வாங்க.

ஒப்பந்தம் போட்ட முதல் சீசனிலேயே ராபின்சனின் குறி தப்ப ஆரம்பித்தது. 2019-20-ல் 270 மூன்று பாயின்ட் ஷாட்களை உள்ளே போட்டவர், 2022 மார்ச்சில் தன் இடத்தை மேக்ஸ் ஸ்ட்ரஸிடம் இழந்தார். ஸ்ட்ரஸும் டிராஃப்ட் ஆகாதவர், சம்பளமோ ராபின்சனுக்குப் பக்கத்தில்கூட வராது. அடுத்த சீசனில் விரல் காயம், ஆபரேஷன். மூன்று பாயின்ட் துல்லியம் 33 சதவிகிதத்துக்கும் கீழே போனது. "என்.பி.ஏ-வின் மோசமான ஒப்பந்தம்" என்று ஹீட் ரசிகர்களே நொந்துகொண்ட காலம் அது.

2023 பிளே-ஆஃப் வந்தது. டைலர் ஹீரோவுக்குக் கை முறிய, ராபின்சனுக்கு மறுபடி கதவு திறந்தது. பாஸ்டனுக்கு எதிரான கிழக்குப் பிரிவு ஃபைனலின் மூன்றாவது மேட்ச்சில் 22 பாயின்ட். எட்டாவது இடத்திலிருந்து பிளே-ஆஃபுக்குள் நுழைந்த ஹீட், லீக் ஃபைனல் வரைக்கும் போனது. டென்வரிடம் தோற்றாலும், யாரும் எதிர்பார்க்காத பயணம். அந்தக் கோடையில் ஸ்ட்ரஸும் கேப் வின்சென்ட்டும் பெரிய ஒப்பந்தங்களோடு வேறு டீம்களுக்குப் போக, 'மோசமான ஒப்பந்தம்' ராபின்சன்தான் மிச்சம் இருந்தார். அடுத்த சீசனில் மறுபடி 39 சதவிகிதத் துல்லியம். 2025-ல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸுக்குக் கிளம்பும்போது, ஹீட் வரலாற்றில் அதிக மூன்று பாயின்ட் ஷாட் போட்டவர் அவர்தான்.

இதில் வின்சென்ட் கதையையும் சொல்லியாக வேண்டும். அவரை ஹீட் விட்டபோதும் ரசிகர்கள் கொதித்தார்கள். மூன்று வருடங்களுக்கு 3.3 கோடி டாலர் கொடுத்து எடுத்தது யார் தெரியுமா? லேக்கர்ஸ். முழங்கால் காயத்தால் முதல் சீசனில் அவர் ஆடியது 11 மேட்ச்தான். விடுவதும் சில நேரம் சரிதான்.

இப்போ தண்டரின் டர்ன்!

2024 கோடையில் கரூசோவைக் கொண்டுவந்தது எந்த டீம்? எட்டு வருடத்துக்கு முன்னால் அவரைக் கழற்றிவிட்ட அதே ஓக்லஹோமா சிட்டி தண்டர். இளம் ஸ்டார் ஜாஷ் கிடியைக் கொடுத்து வாங்கினார்கள். அந்த டிசம்பரிலேயே இன்னும் நான்கு வருடங்களுக்கு 8.1 கோடி டாலர் என்று ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். 30 வயது, சராசரி 7 பாயின்ட். உடனே பழைய சண்டை புதுசாக ஆரம்பித்தது.

2025 பிளே-ஆஃப் அதற்கு ஒரு பதில் சொன்னது. டென்வருக்கு எதிரான ஏழாவது மேட்ச்சில், 6 அடி 5 அங்குலக் கரூசோ, 6 அடி 11 அங்குல நிகோலா யோகிச்சைக் கட்டிப்போடும் வேலையை ஏற்றார். இந்தியானாவுக்கு எதிரான ஃபைனலில் இரண்டு மேட்ச்களில் தலா 20 பாயின்ட். தண்டர் சாம்பியன்.

சரி, சண்டை முடிந்ததா? இல்லை. ஷாய் கில்ஜியஸ் அலெக்ஸாண்டர், செட் ஹோம்கிரன், ஜேலன் வில்லியம்ஸ் மூவருக்கும் 2025-ல் தண்டர் போட்ட பெரிய ஒப்பந்தங்கள் 2026-27 முதல் ஒவ்வொன்றாக நடைமுறைக்கு வருகின்றன. 2023-ல் வந்த புதிய விதிகளோ முன்பைவிடக் கடுமை. 'செகண்ட் ஏப்ரன்' என்ற எல்லையைத் தாண்டினால் வரியோடு முடியாது. பிளேயர்களைச் சேர்த்து டிரேட் செய்வது உட்படப் பல வழிகள் அடைபடும். கரூசோவின் ஒப்பந்தம் 2028-29 வரை ஓடும். அது முடியும்போது அவருக்கு வயது 35. இந்தமுறை, இது ஓனரின் பாக்கெட்டோடு நிற்காது. டீமின் ஆட்டத்தையே தொடக்கூடிய பிரச்னை. அதனால், இப்போது கேள்வி கேட்கும் ரசிகர்களை முழுசாகத் தப்பு சொல்ல முடியாது.

ஆனாலும் கேள்வியை மட்டும் கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். "7 பாயின்ட்டுக்கு இவ்வளவா?" என்பதை விட்டுவிட்டு, "இவரை விட்டா, விதிப்படி நமக்கு என்ன கிடைக்கும்? இவர் செய்ற வேலையை நாளைக்கு யார் செய்வாங்க?" என்று கேளுங்கள். 2021-ல் லேக்கர்ஸிடம் இந்த ரெண்டாவது கேள்விக்குப் பதில் இல்லை. 2023-ல் வின்சென்ட் விஷயத்தில் ஹீட்டிடம் ஓரளவுக்கு இருந்தது. கிடியைக் கொடுத்து கரூசோவை வாங்கிய தண்டருக்கு அந்தப் பதில் ஒரு கோப்பையாகவே கிடைத்துவிட்டது.

மிச்சம் இருக்கிற வருடங்களில் கரூசோவின் முழங்கால்கள் ஒத்துழைக்காமல் போகலாம். அப்போது "நான்தான் அன்னிக்கே சொன்னேனே!" என்று ஒரு கோஷ்டி கிளம்பும். அவர்களிடம் ஒன்று மட்டும் கேட்கலாம்: 2025 ஜூனில் கப் வாங்கினபோது, நீங்க எந்தக் கோஷ்டியில இருந்தீங்க ப்ரோ?