‘நடங்கள்’ என்றால் போதுமா? இயங்கலை ஊக்க ஆலோசனை நம்மவர்களுக்கு உதவுமா?

நாட்டில் போதிய உடலியக்கம் இல்லாத பெரியவர்கள் 2019இல் 25.1 விழுக்காடு. 2023இல் அது 29.9 விழுக்காடாக உயர்ந்துவிட்டது. சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வு தரும் கணக்கு இது. நம் சமுதாயத்துக்குக் கவலை இன்னும் அதிகம். 2019 ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களிடையே மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு.

இத்தனைக்கும் உடலுழைப்பு நமக்குப் புதிதல்ல. பேராவில் சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், சுங்காய் வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரை நிரையாக மரம் சீவி, பால் வாளி சுமந்து நடந்தவர்களுக்குத் தனியாக உடற்பயிற்சி தேவைப்படவில்லை. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்பு நிலங்களாயின. லயத்தை விட்டு மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்தார்கள். பாதுகாவலர் வேலை, தொழிற்சாலை வேலை, வாகனமோட்டும் வேலை என்று பிழைப்பு மாறியது. உழைத்த காலத்துச் சோற்றின் அளவு மட்டும் பல வீடுகளில் மாறவில்லை.

கிளினிக்குக்குப் போனால் “எடையைக் குறையுங்கள், நடங்கள்” என்கிறார்கள். புலனத்தில் நாள்தோறும் ஆரோக்கியச் செய்திகள் வந்து குவிகின்றன. நடப்பது நல்லது என்று தெரியாதவர் இன்று யாரும் இல்லை. தெரிந்தும் கால் எழவில்லை என்பதுதான் சிக்கல்.

இங்கேதான் ஊக்க ஆலோசனை என்ற முறை கவனத்துக்கு வருகிறது. குடிப்பழக்கத்தில் சிக்கியவர்களுக்காக 1983இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் முன்வைத்த வழி இது. பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து 1991இல் அதை நூலாக்கினார். ஆலோசகர் இதில் அறிவுரை சொல்வதைக் குறைத்து, கேள்வி கேட்பதைக் கூட்டுகிறார். “ஏன்மா நடக்க மாட்டேங்கிறீங்க?” என்று கேட்டால் முட்டிவலி, மழை, நேரமில்லை என்று காரணங்கள் வரிசையாக வரும். “உடம்பு கொஞ்சம் லேசானா என்னம்மா செய்ய ஆசை?” என்று கேட்டால், “பேரப்பிள்ளையோட தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோயிலுக்கு நடந்தே போகணும்” என்று பதில் வரலாம். அந்த ஆசையைப் பிடித்துக்கொண்டு, இந்த வாரம் எத்தனை நாள், எத்தனை நிமிடம் என்பதை அவரே முடிவு செய்கிறார். அடுத்த வாரம் ஆலோசகர் மீண்டும் விசாரிக்கிறார். தொலைபேசியிலோ காணொலி அழைப்பிலோ இதைச் செய்யலாம் என்பதால், கிளினிக்குக்குப் போக ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டியதில்லை.

பலன் உண்டா? 2024இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு 97 பரிசோதனைகளை, அதாவது 27,000க்கும் மேற்பட்டோரை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஊக்க ஆலோசனை பெற்றவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 1,300 அடிகள் கூடுதலாக நடந்ததற்குச் சமமான பலன் தெரிந்தது. ஓராண்டுக்குப் பிறகும் அது நீடித்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. நன்மை சிறிது, தொடர்ச்சி இல்லாவிட்டால் அதுவும் கரைந்துவிடும் என்றுதான் இதைக் கொள்ள வேண்டும்.

தமிழகத்திலிருந்தும் ஒரு பாடம் உண்டு. சென்னை நீரிழிவு மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் இனிப்பு நீர் வரும் நிலையிலிருந்த 537 ஆண்களை இரண்டாண்டு கவனித்தார்கள். ஒரு பிரிவினருக்கு, அவரவர் மனநிலைக்கு ஏற்பக் கைப்பேசியில் குறுஞ்செய்திகள் போயின. 2013இல் வெளியான முடிவின்படி, செய்தி பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் நோய் வந்தது. விலை உயர்ந்த செயலியோ கைக்கடிகாரமோ இதற்குத் தேவைப்படவில்லை.

ஆனால் எல்லாருக்கும் ஒரே செய்தியை அனுப்புவது ஆலோசனை ஆகாது. மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருக்கும் செயலி, தோட்டத்தில் வளர்ந்த அறுபது வயது அம்மாவிடம் பேசாது. முதல் தேவை, தமிழில் பொறுமையாகக் கேட்டுப் பேசும் பயிற்சி பெற்ற ஆட்கள். 2013இல் தொடங்கிய கோஸ்பென் திட்டத்தின் தொண்டூழியர்கள் ஏற்கெனவே குடியிருப்புகளில் எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு பார்க்கிறார்கள். அவர்களில் தமிழ் பேசுவோருக்கு இந்தப் பயிற்சியைக் கொடுக்கலாம். இணையத் தொடர்பு சரியில்லாத தோட்டப்புறத்துக்குச் சாதாரணத் தொலைபேசி அழைப்பே போதும்.

அடுத்தது, நடக்க இடம். ஈப்போ நகரவாசிகளுக்கு டி.ஆர். சீனிவாசகம் பூங்கா இருக்கிறது, போலோ திடல் இருக்கிறது. விளக்கில்லாத, நாய்கள் திரியும் தோட்டப் பாதையில் மாலை ஏழு மணிக்குப் பெண்கள் எப்படி நடப்பார்கள்? இதை எந்த ஆலோசகராலும் பேசித் தீர்க்க முடியாது. ஊராட்சி மன்றமும் சட்டமன்ற உறுப்பினர்களும்தான் பதில் சொல்ல வேண்டும். இரவு வேலை முடித்து வரும் பாதுகாவலரிடம் ‘சோம்பேறி’ என்று குறை சொல்வதும் நியாயமில்லை.

வாரத்துக்கு 150 நிமிட மிதமான இயக்கம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அதற்குக் குறைவாக நடந்தாலும் நன்மை உண்டு என்றும் அது சொல்கிறது. நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, காலில் ஆறாத புண் உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

அரசாங்கத் திட்டம் வரும்வரை கோயில் நிர்வாகமும் குடியிருப்போர் சங்கமும் காத்திருக்க வேண்டியதில்லை. பத்துப் பேர் கொண்ட ஒரு புலனக் குழு, வாரம் ஒருமுறை ஆளாளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, சேர்ந்து நடக்க ஒரு நேரம் என்று தொடங்கலாம். வீட்டில் அப்பாவிடம் “நடங்கப்பா” என்று நூறாவது முறை சொல்வதை விட்டு, “நானும் வரேன், எத்தனை மணிக்குப் போகலாம்?” என்று பிள்ளைகள் கேட்டுப் பார்க்கலாம்.