பொம்மைக்கு ஏது மானம்?

பக்கத்து ஸீட் நண்பர் டீயும் கையுமாக வந்தார். “ஸார், கொரியாவில கார்ட்டூன் பொம்மையைத் திட்டினவனுக்கு ஃபைன் போட்டுட்டாங்களாமே! அநியாயமா இல்லே?”

ஃபைன் இல்லை, நஷ்ட ஈடு. விஷயம் இதுதான். ‘பிளேவ்’ என்று ஐந்து பேர் கொண்ட தென்கொரியப் பாட்டு கோஷ்டி. 2023-ல் அறிமுகம். திரையில் தெரிவது கம்ப்யூட்டர் வரைந்த அழகு முகங்கள். பின்னால், உடம்பெல்லாம் சென்ஸார் மாட்டிக்கொண்டு நிஜ ஆசாமிகள் ஆடிப் பாடுகிறார்கள். அவர்கள் யார் என்பதைக் கம்பெனி வெளியிடுவதில்லை. ஒருத்தர் இன்டர்நெட்டில் இவர்களைக் கன்னாபின்னாவென்று ஏசிவிட, கேஸ் கோர்ட்டுக்குப் போய்விட்டது. ‘இவங்க கற்பனைப் பாத்திரங்கள்தானே’ என்றது எதிர்த்தரப்பு. ‘பின்னால் இருப்பவன் மனுஷன்தானே’ என்றது கோர்ட். 2025-ல் தலைக்கு 1 லட்சம் வான் தரச்சொல்லித் தீர்ப்பு. லட்சம் என்றதும் வாயைப் பிளக்காதீர்கள். நம் பணத்தில் சுமார் ஆறாயிரம்தான்.

இந்த மாயப் பாடகர் சமாசாரம் புதுசில்லை. 1996-லேயே ஜப்பானில் ஹோரிபுரோ கம்பெனி, க்யோகோ டாடே என்று ஒரு கம்ப்யூட்டர் பெண்ணைப் பாட வைத்தது. பெரிதாக எடுபடவில்லை. 2007-ல் சப்போரோ நகரத்துக் கம்பெனி ஒன்று ஹட்ஸுனே மிக்குவைக் கொண்டுவந்தது. பச்சை நீலத்தில் ரெட்டை ஜடை, என்றைக்கும் வயசு 16. அவள் அசல் சாஃப்ட்வேர். யாரும் மறைந்திருந்து ஆடுவதில்லை. 2011-ல் இன்னொரு கூத்து. ஏ.கே.பி.48 கோஷ்டியில் எகுச்சி ஐமி என்று ஒரு புதுமுகம். ரசிகர்கள் கிறங்கிப்போனார்கள். கடைசியில், ஆறு பெண்களின் கண், மூக்கு, வாயைக் கோத்து ஒட்டிய விளம்பர உருவம் என்று தெரிந்தது.

நல்லதுதானே என்று ஒரு கட்சி. பொம்மைக்குக் கிழடு தட்டாது, காதல் கிசுகிசு வராது, பட்டினி கிடந்து இளைக்க வேண்டாம். நிஜப் பாடகர்களின் பிழைப்பில் மண் விழும் என்று எதிர்க்கட்சி.

எனக்கு உறுத்துவது வேறு. கண்ணெதிரே மனுஷ முகம் இருந்தால் திட்டுமுன் நாக்கு கொஞ்சம் கூசும். பொம்மை என்று நினைத்துவிட்டால் அந்தக் கூச்சம் போய்விடுகிறது. ஆனால், திட்டு போய்ச் சேருவது உள்ளே வியர்த்துக்கொண்டிருக்கும் ஆசாமிக்கு. ‘அது நான்தான், வலிக்குது’ என்று முகம் காட்டிச் சொல்லவும் அவனால் முடியாது. ஆறாயிரம் கொசுறுதான். ஆனாலும், உள்ளே ஆள் இருக்கிறான் என்று ஒரு கோர்ட் எழுதிவைத்ததே, அது பெரிசு.

நண்பர் விடவில்லை. “அப்ப அந்த மிக்குவைத் திட்டலாமில்லே? உள்ளேதான் ஆளே கிடையாதே?”

“தாராளமா. குரல் சரியில்லேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அது ஃபுஜிடா ஸாகின்னு ஒரு நிஜப் பெண்ணோட குரல்லேர்ந்து எடுத்தது.”

டீ ஆறிவிட்டது.