சந்தைக்கு வராத பி7எம்7

1972 மியூனிக் ஒலிம்பிக் படுகொலைக்குப் பின் மேற்கு ஜெர்மனிக் காவல்துறைக்கெனப் புதிய கைத்துப்பாக்கி தேடப்பட்டபோது ஹெக்லர் அண்டு கோக் நிறுவனம் உருவாக்கிய பி7, பிடியின் முன்பகுதியை விரல்களால் இறுக்கினால் மட்டுமே சுடத் தயாராகும் அமைப்பையும், வெடிமருந்து வாயுவின் ஒரு பகுதியைக் குழலுக்கு அடியிலுள்ள உருளைக்குள் செலுத்தி, ஸ்லைடு எனப்படும் மேற்பாகம் பின்னோக்கிப் பாய்வதைத் தாமதப்படுத்தும் உத்தியையும் ஒருங்கே கொண்டிருந்தது. அமெரிக்கர் பெரிதும் விரும்பும் .45 தோட்டாவுக்காக 1980களில் வடிவமைக்கப்பட்ட பி7எம்7 என்ற சோதனை வகையிலோ, வாயு செய்த வேலையை எண்ணெய் நிரம்பிய தணிப்பான் ஏற்றது. பி7 குடும்பத்தின் மிகத் துணிச்சலான பொறியியல் முயற்சி இதுவே எனலாம். எனினும் கனமும் செலவும் கூடிய அத்துப்பாக்கி (பி7-உம் மலிவானதன்று) ஒருசில மாதிரிகளோடு நின்றுபோய், விற்பனைக்கு வரவேயில்லை.