மூன்று போன், மூன்று கிப்லா

உயர்தரப் பிள்ளைகளோடு மலைநாட்டுக்குச் சுற்றுலா போயிருந்தோம். அஸர் நேரம் பாதையோரத்தில் ஒரு வெட்டவெளியில் பஸ்ஸை நிறுத்தினோம். கிட்டத்தில் பள்ளிவாசல் இல்லை. வானம் முழுக்க மூட்டம், சூரியனைப் பார்த்துத் திசை பிடிக்கவும் வழியில்லை. பஸ்ஸில் சாய்ந்து நின்றபடி மூன்று பேர் போனை எடுத்து கிப்லா பார்த்தார்கள். மூன்றும் மூன்று பக்கம் காட்டின.

"சேர், என்ட போன்தான் சரி. இது விலை கூடின போன்" என்றான் ஒருவன். மற்றவன் விடவில்லை. தொழுகைக்கு முன் சண்டை வந்துவிடும் போலிருந்தது.

மூவரையும் பஸ்ஸை விட்டு இருபது முப்பது அடி தள்ளி வரச் சொன்னேன். பஸ்ஸின் இரும்பு உடல் பூமியின் காந்தப்புலத்தை வளைத்துவிடும். விலை கூடின போனின் உறையைக் கழற்றச் சொன்னேன். அதன் மூடியில் பூட்டுக்காக ஒரு சின்னக் காந்தம் இருந்தது. போனைக் காற்றில் எட்டு வடிவத்தில் சுழற்றச் சொன்னேன். இப்போது இரண்டு போன்களும் ஒரே பக்கம் காட்டின. மூன்றாவது போன் எப்படித் திருப்பினாலும் அசையவில்லை. விலை குறைந்த சில போன்களில் திசையறியும் உணரியே வைப்பதில்லை. அந்தப் பிள்ளை இத்தனை நாளும் திரையில் நின்ற ஒரு படத்தைப் பார்த்துத் தொழுதிருக்கிறான். (முயற்சி செய்து தொழுதது வீண்போகாது, அவனை யாரும் கேலி செய்ய வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். இலங்கையில் எங்கே நின்றாலும் கிப்லா நேர் மேற்கிலிருந்து வடக்குப் பக்கமாக 22 முதல் 26 பாகைக்குள்தான் வரும். மேற்குத் தெரிந்தாலே பெரும்பாடு முடிந்தது.)

தொழுது முடிந்து பஸ்ஸில் ஏறும்போது, பௌதிகவியலில் எப்போதும் முதலாவதாக வரும் மாணவன் கேட்டான்: "சேர், போனுக்குள்ள இரிக்கிறது நாம படிச்ச ஹோல் விளைவா?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. ஹோல் விளைவுக் கணக்குகளைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடியவன் அவன். காந்தப்புலம், மின்னோட்டம், தகட்டின் தடிப்பு எல்லாவற்றையும் பிரதியிட்டு விடை எடுப்பான். அந்த விளைவு தன் காற்சட்டைப் பைக்குள் இருக்கக்கூடும் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. தவறு அவனுடையதல்ல. படிப்பித்தவன் நான்.

1879இல் எட்வின் ஹோல் என்ற ஆராய்ச்சி மாணவர், மெல்லிய தங்கத் தாளில் மின்னோட்டத்தை விட்டு, அதற்குக் குறுக்கே காந்தப்புலத்தை வைத்துப் பார்த்தார். தாளின் இரு விளிம்புகளுக்கும் இடையே மிகச் சிறிய அழுத்த வேறுபாடு தோன்றியது. இலத்திரன் கண்டுபிடிக்கப்பட்டது 1897இல். என்ன ஓடுகிறது என்று தெரியாத காலத்திலேயே மனிதர் அதன் ஓட்டம் வளைவதை அளந்துவிட்டார். தங்கத்தில் அந்த விளைவு மிகவும் சிறியது. குறைகடத்திகள் வந்த பிறகுதான் அது தொழிலுக்கு உதவும் அளவுக்குப் பெரிதாகியது. பின்னர் 1988இல் ஃபெர்ட்டும் குருன்பெர்க்கும் கண்டுபிடித்த இராட்சத காந்தத்தடை விளைவு இன்னும் நுண்ணிய உணரிகளுக்கு வழி திறந்தது. 2007இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று போன்களில் சிலவற்றில் ஹோல் வகையும், வேறு சிலவற்றில் காந்தத்தடை வகையும் இருக்கின்றன. இலங்கையில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோ டெஸ்லா. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம் கிட்டத்தில் அதைப்போல நூறு மடங்கு வரும். அவ்வளவு மெல்லிய புலத்தை அரிசியை விடச் சின்னதொரு சில்லு அளக்கிறது.

இந்தச் சில்லுகளின் உலகச் சந்தை வருடா வருடம் பெருகுகிறது. காரணம் போன் மட்டுமல்ல, வாகனம். சக்கரம் சுற்றும் வேகம், ஸ்டியரிங் திரும்பிய கோணம், ஆக்சிலேட்டரை மிதித்த அளவு, மின் மோட்டாரின் நிலை, பற்றரியிலிருந்து ஓடும் மின்னோட்டம் என்று பலவற்றையும் காந்த உணரிகளே பார்க்கின்றன. தொடாமல் அளப்பதால் தேய்வு இல்லை. தூசும் எண்ணெயும் அவற்றைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. பெற்றோல் வாகனம் மின்சார வாகனமாக மாற மாற அவற்றின் தேவையும் கூடுகிறது. அலெக்ரோ, இன்ஃபினியன், மெலெக்ஸிஸ், டிடிகே, அசாஹி கசேய் போன்ற அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானியக் கம்பனிகள்தான் இதில் முன்னால் நிற்கின்றன.

இப்படி எழுதினாலே "நாமும் சில்லுத் தொழிற்சாலை கட்ட வேண்டும்" என்று கருத்துப் பெட்டியில் யாராவது எழுதுவார்கள். அதற்கு வேண்டிய பணமும் தண்ணீரும் தடங்கலில்லாத மின்சாரமும் ஆளணியும் எவ்வளவு என்று தெரிந்தால் எழுத மாட்டார்கள். நம்மால் எதுவும் முடியாது என்றும் நான் சொல்லவில்லை. பியகமவில் லங்கா ஹார்னஸ் கம்பனி வாகனக் காற்றுப்பைகளுக்கான உணரிகளைச் செய்து ஏற்றுமதி செய்கிறது. ஆனால் என் கவலை இன்னும் கீழே, தெருவோரக் கராஜில் இருக்கிறது.

என்னிடம் படித்த ஒரு பையன், உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தியடையாதவன், இப்போது கராஜில் வேலை செய்கிறான். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் ஒரு வேன் அவனிடம் வந்தது. ஏபிஎஸ் லைட் அணையவில்லை. சாரதி ஏற்கெனவே வேறோர் இடத்தில் காட்டி, புதிய உணரி வாங்கிப் போட்டு, பல ஆயிரம் ரூபா செலவழித்திருந்தார். லைட் அப்படியே எரிந்தது. அடுத்ததாக ஏபிஎஸ் அலகையே மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு மாதச் சம்பாத்தியத்துக்கும் மேல்.

பையன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்திருக்கிறான். அண்மையில் பெயரிங் மாற்றப்பட்டிருந்தது. இப்போதைய பெயரிங்குகள் பலவற்றில் ஒரு பக்கத்தில் காந்த வளையம் இருக்கும். வடக்கும் தெற்கும் மாறி மாறி வரும் துருவங்கள். அந்தப் பக்கம் உணரியைப் பார்த்து இருந்தால்தான் சக்கரம் சுற்றுவது கணக்காகும். பார்வைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். ஒரு பேப்பர் கிளிப்பைக் கிட்டப் பிடித்தால் காந்தப் பக்கம் மெதுவாக இழுக்கும். பெயரிங்கைத் தலைகீழாகப் போட்டிருந்தார்கள். அவ்வளவுதான்.

என் பரீட்சையில் தோற்றவன் கிளிப்பைக் கொண்டு கண்டுபிடித்ததை, பரீட்சையில் ஜெயித்தவன் கண்டுபிடிப்பானா என்று எனக்குத் தெரியவில்லை. ஏன் அப்படி என்று பையனிடம் கேட்டால், "காந்தம் இல்லாட்டி சென்ஸர் எண்ணாது சேர்" என்பதற்கு மேல் அவனாலும் சொல்ல முடியவில்லை. ஒருவனுக்குச் சூத்திரம் தெரியும், பொருள் தெரியாது. மற்றவனுக்குப் பொருள் தெரியும், காரணம் தெரியாது. இருவரும் ஒரே வகுப்பறையில், ஒரே ஆசிரியரிடம் இருந்தவர்கள்.

2022இன் எரிபொருள் நெருக்கடிக்குப் பிறகு நம் ஊர்களில் மின்சார சைக்கிளும் ஸ்கூட்டரும் கூடிவிட்டன. அவற்றின் மோட்டாருக்குள் பெரும்பாலும் மூன்று ஹோல் உணரிகள் இருக்கும். ஒன்று பழுதானால் மோட்டார் உதறும், ஓடாது. உணரியின் விலை சொற்பம். காரணம் தெரியாத இடத்தில் மோட்டாரையே மாற்றச் சொல்வார்கள். பெருகும் சந்தையில் நமக்கு வாங்குபவன் பங்குதான் இப்போதைக்கு. அதையாவது ஏமாறாமல் வாங்கலாம் அல்லவா?

இதற்கெல்லாம் ஸ்மார்ட் போர்ட் தேவையில்லை. (பழைய மாணவர் சங்கங்கள் கோபிக்க வேண்டாம். நல்ல மனதோடு தருகிறீர்கள். ஆனால் ஆய்வுகூடத்தில் ஒழுங்கான காந்தம் இரண்டு கூட இல்லாத பாடசாலைகளில் ஸ்மார்ட் போர்ட் தொங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.) பழைய கணினியின் காற்றாடிக்குள் ஒரு ஹோல் உணரி இருக்கிறது. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் ஃபைஃபொக்ஸ் என்ற செயலியை இலவசமாகத் தருகிறது. காந்த உணரி உள்ள போனில் அதைத் திறந்தால் காந்தப்புலம் மைக்ரோ டெஸ்லாவில் எண்ணாகவே தெரியும். காந்தத்தைப் படிப்படியாகத் தள்ளிவைத்து, தூரத்துக்கு எதிராக வரைபு வரையலாம். அன்றைக்குப் பரீட்சை வினாவுக்குக் கரும்பலகையில் விடை எழுதத் தேவையே இராது.

டியூஷனில் இதற்கு நேரமில்லை என்று சொல்வார்கள். உண்மைதான், வினாத்தாளில் வராததற்கு அங்கே நேரமில்லை. பாடசாலையில் இருக்கிறது. வாரத்தில் ஒரு பாடவேளை போதும்.

வருகிற தவணையில் அந்தக் கராஜ் பையனை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்திருக்கிறேன். கழற்றிய பெயரிங்கையும் எரிந்த மோட்டாரையும் கொண்டு வருவான். காரணத்தைச் சொல்வது உயர்தரப் பிள்ளைகளின் பொறுப்பு. பௌதிகவியல் படிப்பிக்கும் ஏனைய ஆசிரியர்கள் விரும்பினால் வந்து பின் வாங்கில் இருக்கலாம். வீட்டில் ஓடாத கணினிக் காற்றாடி, உடைந்த ஈ-பைக் அக்சிலேட்டர் பிடி எது கிடந்தாலும் பழைய இரும்புக்காரருக்குப் போடாமல் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்கள். பிள்ளைகளை அனுப்பி எடுத்துக்கொள்கிறேன்.