அரை விநாடிக்கு ஆயிரம் முறை

திருமலைக்குப் போக நல்ல சாலை இருக்கிறது. முதல் மலைச்சாலை 1944இல் திறக்கப்பட்டது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மேலே போய் இறங்கிவிடலாம். ஆனாலும் தினமும் ஆயிரக்கணக்கானோர் அலிபிரியில் செருப்பைக் கழற்றிவிட்டு 3,550 படிகளை நடந்தே ஏறுகிறார்கள். சந்திரகிரிப் பக்கத்திலிருந்து கிளம்பும் ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2,388 படிகள். தூரம் குறைவு, மூச்சு வாங்குவது அதிகம். புரட்டாசி சனிக்கிழமைகளில் சித்தூரிலிருந்தும் வேலூரிலிருந்தும் வரும் கூட்டத்தில் இந்த இரண்டு வழிகளின் குணத்தையும் அத்துப்படியாக அறிந்தவர்கள் பலர்.

ஏறுகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி ஏறுவதில்லை. ஒரு படி விடாமல் மஞ்சளும் குங்குமமும் இட்டுக்கொண்டே போகும் பெண்கள் உண்டு. தெலுங்கில் 'மோகாள்ள பர்வதம்' (முழங்கால் மலை) எனப்படும் செங்குத்தான பகுதியை முழங்காலாலேயே கடப்பவர்கள் உண்டு. போன தடவையைவிட இந்தத் தடவை எத்தனை நிமிடம் குறைந்தது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஏறும் இளைஞர்களும் உண்டு. போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். வழியில் தனக்குத் தானே போட்டுக்கொண்ட நிபந்தனைதான் வேறு. அந்த நிபந்தனையை யாரும் அவர்கள் மேல் சுமத்தவில்லை.

இது புரிந்தவர்களுக்கு, விடியோ கேம் உலகத்தில் 'ஸ்பீட்ரன்' என்று சொல்லப்படும் விசித்திரமான பழக்கம் புரிந்துவிடும். ஒரு ஆட்டத்தை ஆரம்பம் முதல் முடிவு வரை எவ்வளவு சீக்கிரம் முடிக்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம் முடிப்பதுதான் ஸ்பீட்ரன். அதற்கென்று முழு நேரமும் உழைப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் தேர்ந்தெடுக்கும் ஆட்டங்களில் பல முப்பது, நாற்பது ஆண்டுகள் பழையவை.

இங்கேயும் வகைகள் உண்டு. 'எப்படியாவது முடி' என்பது ஒன்று. குறுக்கு வழி, ஓட்டை, ஒடிசல் எதையும் பயன்படுத்தலாம். 'ஒன்று விடாமல் முடி' என்பது இன்னொன்று. ஆட்டத்தில் எடுக்க வேண்டியது எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும். 'குறுக்கு வழி கூடாது' என்பது மூன்றாவது. ஸ்ரீவாரி மெட்டு, படிக்குப் படி மஞ்சள், அலிபிரி என்று இவற்றுக்குத் திருப்பதிக்காரர்கள் சுலபமாகப் பெயர் வைத்துவிடுவார்கள்.

இந்தப் பழக்கத்தின் ஆரம்பம் 1990களில். 1993 டிசம்பரில் வெளியான 'டூம்' என்ற ஆட்டத்தில், ஆடியதை அப்படியே பதிவு செய்து பிறருக்கு அனுப்பும் வசதி இருந்தது. அதுவரை "நான் இத்தனை நிமிடத்தில் முடித்தேன்" என்பது வெறும் வாய்ப்பேச்சு. இப்போது சாட்சி கிடைத்துவிட்டது. 1997இல் 'குவேக்' என்ற ஆட்டத்தை, அதன் மிகக் கடினமான நிலையில், ஒரு குழு 19 நிமிடம் 49 விநாடியில் முடித்துக் காட்டியது. ஒருவரே ஆடியதல்ல, ஒவ்வொரு கட்டத்தையும் அதில் தேர்ந்தவர் ஆடி, பதிவுகளை ஒன்றாகக் கோத்தார்கள்.

நம்மவர்களுக்குத் தெரிந்த உதாரணம் மாரியோ. ஜப்பானின் நின்டெண்டோ 1985இல் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்'. 1990களில் டி.வி.யோடு இணைத்து ஆடும் பெட்டிகள் சிறிய ஊர்களுக்கும் வந்தபோது, அவற்றோடு வந்த கேசட்டுகளில் தவறாமல் இருந்த மீசைக்காரன். சாதாரணமாக ஆடினால் 32 கட்டங்கள். கோடை விடுமுறை முழுக்க ஆடியும் இளவரசியைப் பார்க்காதவர்கள் அதிகம். ஆனால் ரகசியக் குழாய்கள் வழியாகத் தாவினால் எட்டே கட்டங்களில் முடித்துவிடலாம். ஸ்பீட்ரன்காரர்கள் அதை ஐந்து நிமிடத்துக்குள் முடிக்கிறார்கள்.

நிஃப்ட்ஸ்கி என்ற புனைபெயரில் ஆடும் அமெரிக்க இளைஞர் 2021 ஏப்ரலில் 4 நிமிடம் 54.948 விநாடியில் முடித்தார். 4 நிமிடம் 55 விநாடி என்ற எல்லையை மனிதர் ஒருவர் தாண்டியது அதுவே முதல் தடவை. 2023 செப்டம்பரில் அவரே அதை 54.631 ஆகக் குறைத்தார். இரண்டரை ஆண்டில் மிச்சம் பிடித்தது ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இந்தத் துளி நேரத்துக்கு ஏன் இத்தனை பாடு? காரணம் ஆட்டத்தின் உள்ளே இருக்கிறது. டி.வி. திரையில் ஒரு விநாடிக்கு சுமார் 60 படங்கள் மாறுகின்றன. மாரியோவில் ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டத்துக்குப் போகும் கதவு, 21 படங்களுக்கு ஒரு முறைதான் திறக்கும். அதாவது 0.35 விநாடிக்கு ஒரு முறை. திருமலை வைகுண்டம் க்யூ வளாகத்தில் காத்திருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கம்பார்ட்மென்டுக்குள் முதலில் நுழைந்தவரும் கடைசியில் நுழைந்தவரும் கதவு திறக்கும்போது ஒன்றாகத்தான் வெளியே வருவார்கள். முந்தி வந்ததால் லாபம் வேண்டுமென்றால், முந்தைய திறப்பையே பிடித்திருக்க வேண்டும். அதேபோல, மாரியோவில் ஒரு கட்டத்தில் 20 படம் சேமித்தாலும் பயனில்லாமல் போகலாம். 21 சேமித்தால் உண்டு. கடைசிக் கட்டத்துக்கு மட்டும் இந்தக் கதவு கிடையாது. அங்கே ஒவ்வொரு படமும் கணக்கு. ஒரு பொத்தானை விநாடியில் அறுபதில் ஒரு பங்கு தாமதமாக அமுக்கினால், அதுவரை செய்ததெல்லாம் வீண்.

அதனால் பயிற்சி, ஆடுவதைப் போலவே இருப்பதில்லை. முழு ஆட்டத்தையும் திரும்பத் திரும்ப ஆடுவது ஆரம்பக்காரர்கள் செய்யும் தவறு. தேர்ந்தவர்கள் ஆட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டுகிறார்கள். கஷ்டமான ஒரு தாவலுக்குச் சற்று முன்னால் ஆட்டத்தை நிறுத்தி, அந்த நிலையைச் சேமித்துவைத்து, அந்த ஒரு தாவலை மட்டும் நூறு முறை, இருநூறு முறை செய்கிறார்கள். பத்துக்கு ஒன்பது தடவை சரியாக வரும்வரை அடுத்ததற்குப் போவதில்லை. சங்கீதம் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் இசை நடனக் கல்லூரி மாணவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: தகராறு செய்கிற சங்கதியைத் தனியே பிரித்து, முதல் காலத்தில் பாடி, பிறகுதான் வேகம் கூட்ட வேண்டும். இசைக்காரர்கள் இதைச் சாதகம் என்கிறார்கள்.

பக்கத்தில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் அவரவருடைய சிறந்த நேரம் அதில் எழுதியிருக்கும். முன்னால் இருந்தால் பச்சை, பின்தங்கினால் சிவப்பு. இரண்டாவது கட்டத்திலேயே சிவப்பு வந்துவிட்டால் பலர் அங்கேயே ஆட்டத்தைக் கலைத்து முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். இப்படி ஒரு சாதனைக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான முயற்சிகள் கலைக்கப்பட்டுக் கிடக்கும். பெரும்பாலானவை ஒரு நிமிடம்கூட ஓடாதவை.

எல்லாம் பச்சையாகவே போய்க் கடைசிக் கட்டம் வரும்போதுதான் உண்மையான சோதனை. கை நடுங்கும். தங்கள் நாடித்துடிப்பையும் திரையின் ஓரத்தில் காட்டிக்கொண்டு ஆடுபவர்கள் உண்டு. அந்த எண் ஏறுவதைப் பார்வையாளர்கள் பார்க்கலாம். அலிபிரியில் முதல் பாதியை ஓட்டமாக ஓடிவிட்டு, முழங்கால் மலையில் உட்கார்ந்துவிடும் புதியவர்களை மலைப்படிக் கடைக்காரர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள். எங்கே வேகம், எங்கே நிதானம் என்பதை வரைபடம் சொல்லித் தராது. ஏறித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவுக்கும் கிடைப்பது என்ன? பரிசுப் பணம் பெரும்பாலும் இல்லை. ஆட்டத்தை நேரலையாகக் காட்டிச் சம்பாதிப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். மற்றவர்களுக்கு அதுவும் கிடையாது. புதிய குறுக்கு வழி ஒன்றைக் கண்டுபிடிப்பவர் அதைத் தனக்குள் வைத்துக்கொள்வதும் வழக்கமில்லை. தன் சாதனையை முறியடிக்கக்கூடியவருக்கே சொல்லிக் கொடுக்கிறார். வியாபாரக் கணக்கில் இது பைத்தியக்காரத்தனம். ஆனால் ஆட்டத்தின் எல்லை எது என்று பார்ப்பதே நோக்கம் என்றால், போட்டியாளரும் கூட்டாளிதான். ஒவ்வொரு பொத்தானையும் கம்ப்யூட்டர் நிரலில் முன்கூட்டியே எழுதி ஆடவைத்தால் மாரியோவை எவ்வளவு நேரத்தில் முடிக்கலாம் என்ற கணக்கும் அவர்களிடம் இருக்கிறது. மனிதர்களுக்கும் அந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளி இப்போது அரை விநாடிக்கும் குறைவு. பலர் ஒன்றுகூடித் தள்ளித் தள்ளி அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள்.

இந்தக் கூட்டு முயற்சி வேறு வழியிலும் பயன்பட்டது. 2010 ஜனவரியில் அமெரிக்காவில் சில ஸ்பீட்ரன்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து, இரவும் பகலுமாக ஆடி, அதைப் பார்ப்பவர்களிடம் நன்கொடை கேட்டார்கள். 'கேர்' என்ற தொண்டு நிறுவனத்துக்கு 10,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. அதுவே ஆண்டுதோறும் நடக்கும் விழாவானது. 2020 ஜனவரியில் ஒரே வாரத்தில், புற்றுநோய்த் தடுப்புப் பணிக்காக 30 லட்சம் டாலருக்கும் மேல் திரட்டினார்கள்.

ஏமாற்று வேலையும் நடக்காமல் இல்லை. 'டிராக்ஸ்டர்' என்ற பழைய கார் பந்தய ஆட்டத்தில் 5.51 விநாடி என்று ஒரு சாதனை 1982 முதல் பதிவேட்டில் இருந்தது. ஸ்பீட்ரன்காரர் ஒருவர் அந்த ஆட்டத்தின் நிரலைப் பிரித்து ஆராய்ந்தார். எப்படி ஆடினாலும் 5.57க்குக் கீழே போக முடியாது என்பது அவருடைய முடிவு. 2018 ஜனவரியில் பதிவேட்டிலிருந்து அந்தச் சாதனை நீக்கப்பட்டது. வித்தியாசம் 0.06 விநாடி. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அதைத் தோண்டி எடுத்தது போலீஸ் அல்ல, பணம் இழந்தவர்களும் அல்ல. அதே ஆட்டத்தை நேர்மையாக ஆடியவர்கள். பஸ்ஸில் வந்துவிட்டு நடந்து வந்ததாகச் சொல்பவர் மேல், உண்மையிலேயே நடந்து வந்தவருக்கு வரும் கோபம் அது.

பெற்றோரின் கவலையையும் ஒதுக்கிவிட முடியாது. ஒரே அசைவை ஆயிரம் முறை செய்தால் மணிக்கட்டு வலிக்கும். கையைக் கெடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். கட்டுப்பாடில்லாமல் விளையாடுவதை உலக சுகாதார நிறுவனம் 2019இல் நோய்களின் பட்டியலில் சேர்த்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை ஆந்திரா 2020இல் தடை செய்தது. 2025 ஆகஸ்டில் பார்லிமென்ட் நிறைவேற்றிய சட்டம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் கொண்டுவந்தது. பந்தயப் பணம் இல்லாத மின்விளையாட்டுப் போட்டிகளுக்கு அங்கீகாரமும் தந்தது. ஆனால் வீட்டுக் கூடத்தில் இந்தப் பாகுபாடு எடுபடுவதில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை, பணத்தைத் தொலைக்கிறானா, பொழுதைத் தொலைக்கிறானா, அல்லது எதையாவது கற்கிறானா என்பது கதவருகே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது.

தெரிந்துகொள்ள ஒரு கேள்வி உதவும்: நேற்று எங்கே தவறினாய், இன்று அதற்கு என்ன செய்தாய்? சூதாடுபவரிடம் இதற்குப் பதில் இருக்காது. அவர் அடுத்த சீட்டை நம்பியிருக்கிறார். பொழுதுபோக்குக்கு ஆடுபவருக்குக் கேள்வியே புரியாது. ஸ்பீட்ரன்காரர் மட்டும் எந்தக் கட்டத்தில், எந்தத் தாவலில், எத்தனை படம் தாமதம் என்று ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்.

சித்தூரிலும் திருப்பதியிலும் தேர்வுப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளும் கடிகாரத்தை வைத்துக்கொண்டுதான் பழகுகிறார்கள். மாதிரித் தேர்வு, தவறுகளின் பட்டியல், மறுபடி மாதிரித் தேர்வு. முறை அதேதான். வித்தியாசம் ஒன்று: அங்கே நிபந்தனையை வைப்பவர் வேறொருவர், பரிசும் வெளியே இருக்கிறது. ரேங்க் வராவிட்டால் உழைத்ததெல்லாம் வீண் என்று பதினேழு வயதில் நம்பவைக்கப்படுகிறார்கள். ஸ்பீட்ரன்காரர் ஆயிரம் முறை தோற்றுவிட்டு, ஆயிரத்தோராவது முறை உற்சாகமாக ஆரம்பிக்கிறார். நேற்றைய தன்னைவிட ஒரு படம் முந்தினால் அவருக்குப் போதும்.

மலையில் ஸ்ரீவாரி மெட்டு வழியாக முப்பது முறை ஏறியவருக்கு யாரும் மெடல் தருவதில்லை. உச்சியில் கடைசிப் படியில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். போன தடவையைவிட இரண்டு நிமிடம் குறைவு. பக்கத்தில் நிற்பவரிடம் சொன்னால் சிரிப்பார். சொல்லாமல் க்யூவில் போய் நிற்கிறார்.