சொந்த வீடா, வாடகை வீடா?

நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், சந்தாக் கணக்கு, ரத்த தானம் செய்வோர் விவரம் எல்லாவற்றையும் ஒரே தரவுத்தளத்தில் சேர்க்கப் போகிறோம். அதைச் சங்க அலுவலகக் கணினியிலேயே வைத்துக்கொள்வதா, பராமரிப்போடு சேர்த்துக் கிளவுட் நிறுவனத்திடம் மாத வாடகைக்கு விடுவதா என்பதுதான் கேள்வி.

போஸ்ட்கிரஸ் மென்பொருள் இலவசம்தான். அதைக் கவனித்துக்கொள்ள ஆள் வேண்டுமே! மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்டுகிறவர்கள் நாம். அதே மென்பொருளைத் தாங்களே பராமரித்த கிட்லேப் நிறுவனத்தில், 2017 ஜனவரியில் ஒரு பொறியாளர் தவறுதலாகத் தரவை அழித்துவிட்டார். நகலெடுக்கும் ஏற்பாடுகள் சரிவர இயங்காததால் சுமார் 6 மணி நேரப் பதிவுகள் போயின. கைதேர்ந்தவர்களுக்கே இந்தக் கதி!

வாடகை இடத்திலும் ஆபத்து உண்டு. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனக் கட்டடம் எரிந்தபோது, வேறிடத்தில் நகல் வைக்காத வாடிக்கையாளர்கள் தரவை இழந்தார்கள்.

ஆகவே, வாடகைக்கே விடுவோம் என்பது என் கருத்து. ஆனால் மாதம் ஒரு நகல் செயலாளர் கையில் இருக்கட்டும். அதிலிருந்து பட்டியலை மீட்க முடிகிறதா என்று ஆண்டுக்கு இருமுறை சோதித்தும் பார்ப்போம். நள்ளிரவில் ரத்தம் கேட்டு வருகிற குடும்பத்துக்கு நாம் சாக்கு சொல்ல முடியாது.